அடர்த்திக் கணக்கு உதைக்கிறதா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. இந்தச் சூத்திரத்தை மறந்துபோய் யாரும் தப்புச் செய்வதில்லை. ஆனாலும் விடை மட்டும் உதைத்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் ரஃப் நோட்டையும் ரெக்கார்டு நோட்டையும் வருஷக்கணக்காகத் திருத்தியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: அடர்த்தியில் வரும் பிழைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பிழையும் விடையில் தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். இரும்புக்கு 7.8 வர வேண்டிய இடத்தில் 1.95 வந்தால் ஒரு காரணம், 0.98 வந்தால் வேறொரு காரணம், 0.128 வந்தால் இன்னொன்று.

அதனால் கணக்கு தப்பு என்றதும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். உங்கள் விடை எந்த அறிகுறியோடு பொருந்துகிறது என்று கீழே பாருங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் பேனா மட்டும் போதுமான சரிபார்ப்பு முதலில் வரும். சோதனையை மறுபடி செய்ய வேண்டியது, கருவியை மாற்ற வேண்டியது எல்லாம் அப்புறம்.

ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் பக்கத்தில் இருக்கட்டும்:

| பொருள் | அடர்த்தி (கிராம்/செ.மீ³) |
|---|---|
| மண்ணெண்ணெய் | 0.8 |
| தேங்காய் எண்ணெய், பனிக்கட்டி | 0.92 |
| தண்ணீர் | 1.0 |
| கண்ணாடி | 2.5 |
| அலுமினியம் | 2.7 |
| இரும்பு | 7.8 |
| செம்பு | 8.9 |
| வெள்ளி | 10.5 |
| ஈயம் | 11.3 |
| பாதரசம் | 13.6 |
| தங்கம் | 19.3 |

கிலோகிராம்/மீ³ வேண்டுமென்றால் 1000 ஆல் பெருக்குங்கள். எண்ணெய், கண்ணாடி, இரும்பு ஆகியவற்றின் மதிப்பு வகைக்கு வகை கொஞ்சம் மாறும். 7.9 என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் பதற வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. வர வேண்டிய விடையில் உள்ள அதே இலக்கங்கள்தான் உங்கள் விடையிலும் இருக்கின்றனவா, புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கிறதா? ஆம் என்றால் அறிகுறி 1. இலக்கங்களே வேறு என்றால் அறிகுறி 2. தாளில் தரப்பட்ட கணக்காக இல்லாமல் ஆய்வகத்தில் அளந்தது என்றால், அந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அறிகுறி 3-க்குப் போங்கள்.

## அறிகுறி 1: இலக்கங்கள் சரி, புள்ளி இடம் மாறியிருக்கிறது

இது முழுக்க முழுக்க அலகுப் பிரச்சினை. சோதனையைத் தொடவே வேண்டாம்.

5 செ.மீ, 4 செ.மீ, 2 செ.மீ அளவுள்ள அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருமன் 40 செ.மீ³, நிறை 108 கிராம். 108 ÷ 40 = 2.7. இதே கட்டிக்கு நோட்டில் வரும் தப்பு விடைகள் இப்படி இருக்கும்:

0.0027 வந்தால். நிறையைக் கிலோவாக்கிவிட்டு, பருமனைச் செ.மீ³-லேயே விட்டுவிட்டீர்கள். இதே 0.0027 வர இன்னொரு வழியும் உண்டு: நிறை கிராமில், பருமன் மி.மீ³-ல். திருகு அளவியால் அளந்த கணக்கு என்றால் இரண்டாவதுதான், ஏனென்றால் அது மில்லிமீட்டரில் காட்டும். 1 செ.மீ³ என்பது 10 மி.மீ³ இல்லை, 1000 மி.மீ³.

27,00,000 வந்தால். பருமனை மீ³-க்குச் சரியாக மாற்றியிருக்கிறீர்கள், கிராமைக் கிலோவாக்க மறந்துவிட்டீர்கள்.

0.27 வந்தால், அதுவும் கி.கி/மீ³ என்ற அலகோடு வந்தால். இதுதான் அதிகமாக வருவது. 100 செ.மீ ஒரு மீட்டர் என்பதால் 40 செ.மீ³-ஐ 100 ஆல் வகுத்து 0.4 மீ³ என்று எழுதிவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் தனித்தனியே 100 ஆல் வகுக்க வேண்டும். ஆக மொத்தம் 10,00,000 ஆல். 40 செ.மீ³ என்பது 0.00004 மீ³. இதில் குழப்பம் வந்துகொண்டே இருந்தால் ஒன்று செய்யுங்கள்: பருமனைக் கண்டுபிடித்த பிறகு அலகை மாற்றாதீர்கள். நீளத்தையே முதலில் மீட்டராக்கி (0.05, 0.04, 0.02) அப்புறம் பெருக்குங்கள். அல்லது கிராம், செ.மீ³ என்றே கடைசிவரை போய், விடையை 1000 ஆல் பெருக்கிவிடுங்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாவதைத்தான். சுழியங்களை எண்ணும் வேலை ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

லிட்டர் வந்தால் தனிக் கவனம் வேண்டும். 1 மி.லி என்பது 1 செ.மீ³; 1 லிட்டர் என்பது 1000 செ.மீ³, 1 மீ³ என்பது 1000 லிட்டர். மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு கன மீட்டர். அது நிறைய தண்ணீர் இருந்தால் ஒரு டன். இரும்புக்கு 7.8 கி.கி/மீ³ என்று எழுதியிருந்தால், அந்த டேங்க் அளவு இரும்புக் கட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

## அறிகுறி 2: இலக்கங்களே வேறு

விடை தலைகீழ். அலுமினியத்துக்கு 0.37, இரும்புக்கு 0.128. பருமனை நிறையால் வகுத்துவிட்டீர்கள். கால்குலேட்டரில் ‘1 ÷ உங்கள் விடை’ போடுங்கள். சரியான எண் வந்தால் விஷயம் முடிந்தது. இதைக் கணக்குப் போடும்போதே பிடிக்க ஒரு வழி: தண்ணீரில் மூழ்கும் பொருளுக்குக் கிராம் எண் எப்போதும் செ.மீ³ எண்ணைவிடப் பெரிதாக இருக்கும். மிதக்கும் பொருளுக்குச் சிறிதாக இருக்கும். ‘156 கிராம் இரும்பின் பருமன் என்ன?’ என்ற கேள்விக்குப் பெருக்கி 1216.8 செ.மீ³ என்று எழுதுபவர்களும் இந்த ஒரு பார்வையிலேயே மாட்டிக்கொள்வார்கள். 156 ÷ 7.8 = 20 செ.மீ³ தான் சரி.

விடை சரியாகக் கால்வாசி. உருளை வடிவக் கம்பியா? ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். 2 செ.மீ விட்டமும் 10 செ.மீ நீளமும் 245 கிராம் நிறையும் உள்ள இரும்புக் கம்பிக்கு 3.14 × 1 × 1 × 10 = 31.4 செ.மீ³, அடர்த்தி 7.8. ஆரம் 1 என்ற இடத்தில் 2 போட்டால் பருமன் 125.6, அடர்த்தி 1.95.

விடை எட்டில் ஒரு பங்கு. அதே தப்பு, ஆனால் கோளத்தில். 2 செ.மீ விட்டமுள்ள 32.7 கிராம் இரும்புக் குண்டுக்கு 0.98 வந்துவிடும். அதாவது குண்டு தண்ணீரில் மிதக்க வேண்டும்!

கோளத்துக்கு 10.4. சூத்திரத்தில் 4/3 விட்டுப்போயிருக்கிறது. விடை மூன்றில் நான்கு பங்காகக் கூடும். இதில் ஆபத்து என்னவென்றால், 10.4 என்பது வெள்ளிக்கு மிக அருகில் இருக்கிறது. ‘கொடுக்கப்பட்ட உலோகத்தைக் கண்டறிக’ என்ற கேள்வியில் இரும்பை வெள்ளி என்று எழுதிவிட்டு, சரியென்று நம்பிக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

ஏறக்குறைய 10 மடங்கு, ஆனால் இலக்கங்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன. அலுமினியத்துக்கு 26,460 கி.கி/மீ³ என்பது போல. புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் 27,000 வந்திருக்கும். 26,460 வந்தால் நிறைக்குப் பதில் எடையை, அதாவது வில்தராசு காட்டிய நியூட்டனை, அப்படியே போட்டிருக்கிறீர்கள். 9.8 ஆல் வகுத்தால் 2700 வந்துவிடும்.

சில சதவீதம் மட்டும் தள்ளிப் போகிறது. இடையில் எங்கோ முழுமையாக்கியிருக்கிறீர்கள். ஆரம் 0.87-ஐ 0.9 என்று எழுதினால் உருளையில் பருமன் 7 சதவீதம் கூடும், கோளத்தில் 11 சதவீதம். 22/7 போட்டதாலா, 3.14 போட்டதாலா என்று சந்தேகப்பட வேண்டாம். அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

விடை சரி, மதிப்பெண் மட்டும் போகிறது. ஒப்படர்த்திக்கு அலகு எழுதியிருப்பீர்கள். அது பொருளின் அடர்த்திக்கும் தண்ணீரின் அடர்த்திக்கும் உள்ள வெறும் விகிதம், பாதரசத்துக்கு 13.6 என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அடர்த்தி கேட்டால் 13,600 கி.கி/மீ³ என்று அலகோடு எழுத வேண்டும். இன்னொன்று, ‘கட்டியைப் பாதியாக வெட்டினால் அடர்த்தி என்ன ஆகும்?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வி. நிறையும் பாதி, பருமனும் பாதி, அடர்த்தி அதேதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் தாளில் உள்ள கணக்கு ஒத்துவரவில்லை என்றால், வினாத்தாளிலோ வழிகாட்டியிலோ அச்சுப்பிழை இருக்கலாம். உங்கள் வரிகளை அலகோடு எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். அலகு இல்லாத வரிகளைக் கொண்டுபோனால் அவராலும் எதுவும் சொல்ல முடியாது.

## அறிகுறி 3: ஆய்வகத்தில் அளந்தால் அடர்த்தி கூடுதலாக வருகிறது

கூடுதல் என்றால் நிறை கூடியிருக்க வேண்டும் அல்லது பருமன் குறைந்திருக்க வேண்டும். எளியதிலிருந்து பார்ப்போம்.

தராசு 0.00 காட்டியபோதுதான் பொருளை வைத்தீர்களா? அடியில் தாள், தட்டு, நூல்கண்டு ஏதாவது இருந்ததா? இது பத்து விநாடி வேலை.

எந்த வரிசையில் அளந்தீர்கள்? தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டு எடை பார்த்திருந்தால் ஈரமும் சேர்ந்து ஏறியிருக்கும். சிறிய பொருளில் ஒரு சொட்டு ஈரமே கணிசம். எப்போதும் நிறை முதலில், தண்ணீர் பிறகு.

பொருள் முழுக்க மூழ்கியதா? கல்லின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நுனியின் பருமன் கணக்கில் சேராது. நிறை மட்டும் முழுசாகச் சேர்ந்திருக்கும்.

தொப்பென்று போட்டீர்களா? தெறித்த தண்ணீர் போனது போனதுதான், இறுதி மட்டம் அந்த அளவு தாழ்ந்திருக்கும். மெல்லிய நூலில் கட்டி, ஜாடியைச் சாய்த்துச் சரித்துவிடுங்கள். ஜாடியின் அடியும் உடையாமல் இருக்கும்.

மூக்கு வைத்த வழிந்தோடும் ஜாடியில் செய்தீர்களா? பருமன் குறைவதற்கு அதில் வழக்கமான இடம் இரண்டு. மூக்கு வரை தண்ணீர் நிரம்பாமலே பொருளை இறக்கினால், முதலில் வரும் தண்ணீர் அந்தக் குறையை நிரப்பவே போய்விடும். கடைசிச் சொட்டு விழுவதற்குள் பீக்கரை எடுத்துவிட்டாலும் அதேதான். நிரப்பி வழியவிட்டு, சொட்டு நின்ற பிறகு காய்ந்த பீக்கரை வைத்து, அப்புறம் பொருளை இறக்க வேண்டும்.

## அறிகுறி 4: ஆய்வகத்தில் அடர்த்தி குறைவாக வருகிறது

மிகவும் குறைவு, இரும்புக்கு 1.7 மாதிரி. மட்டம் 50-லிருந்து 64-க்கு ஏறியது. நீங்கள் 14-க்குப் பதில் 64-ஆல் வகுத்துவிட்டீர்கள். 109.2 ÷ 64 = 1.7. 14-ஆல் வகுத்தால் 7.8. நோட்டில் ‘முதல் மட்டம்’, ‘இறுதி மட்டம்’, ‘வித்தியாசம்’ என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டால் இது வரவே வராது.

கொஞ்சம் குறைவு. பொருளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைப் பாருங்கள். ஆணி, திருகு, மரை உள்ள பொருள்களில் குமிழ் ஒளிந்துகொள்ளும். ஜாடியை மெல்லத் தட்டினால் மேலே வந்துவிடும். தடித்த கயிறு கட்டியிருந்தால் மெல்லிய நூலாக மாற்றுங்கள். வழிந்தோடும் ஜாடி என்றால், முதலில் ஊற்றியதே இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போது பீக்கரை வைத்தீர்களா என்று யோசியுங்கள்.

மட்டம் ஏறிவிட்டு மெதுவாக இறங்குகிறது. செங்கல், ஓட்டுச் சில்லு, பியூமிஸ் கல் மாதிரி துளையுள்ள பொருள். தண்ணீர் உள்ளே போகிறது. காய்ந்த நிலையில் நிறையைப் பாருங்கள். அப்புறம் குமிழ் வருவது நிற்கும்வரை ஊறவைத்து, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிட்டுப் பருமனை அளங்கள். துளைகளையும் சேர்த்த மொத்த அடர்த்தி கிடைக்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் குறைவு. பொருள் உள்ளே கூடாக இருக்கலாம், அல்லது நீங்கள் நினைத்த உலோகமாக இல்லாமல் இருக்கலாம். பூட்டு ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு ‘இரும்பின் அடர்த்தி 5’ என்று எழுதுவதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் காற்றும் கணக்கில் வந்துவிடுகிறது.

அளவு ஜாடியைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடிமட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கூடுதலாகவும் கீழிருந்து பார்த்தால் குறைவாகவும் தெரியும். இரண்டு அளவீட்டையும் ஒரே மாதிரி தப்பாகப் பார்த்திருந்தால் வித்தியாசத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். முதல் மட்டத்தைக் குனிந்து பார்த்து, இரண்டாவதை நின்றபடி பார்ப்பதுதான் கணக்கைக் கெடுக்கும்.

வெர்னியர் அளவியால் விட்டத்தை அளந்தீர்களா? தாடைகள் மூடியிருக்கும்போது சுழியம் சுழியத்தோடு நிற்கிறதா என்று பாருங்கள். 2 செ.மீ குண்டில் 0.02 செ.மீ சுழிப்பிழை ஒரு சதவீதம்தான். ஆனால் பருமனில் அது மும்மடியாகி மூன்று சதவீதம் ஆகிவிடும்.

## அறிகுறி 5: ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை

பொருள் சிறியது, ஜாடி பெரியது. பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ விட்டம், ஏறத்தாழ 5.4 கிராம். உண்மையான பருமன் 2.14 செ.மீ³. 1 மி.லி கோடு போட்ட 100 மி.லி ஜாடியில் இதைப் போட்டால் ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 2.5 என்பார். விடை 2.7 ஆகவும் வரும், 2.16 ஆகவும் வரும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஜாடிக்கு அவ்வளவுதான் தெரியும்.

செலவில்லாத வழி: பத்துக் கோலிகளை ஒன்றாகப் போடுங்கள். 54 கிராம், மட்டம் 21 அல்லது 22 ஏறும். 2.57-க்கும் 2.45-க்கும் நடுவில் விடை நிற்கும். கண்ணாடிக்கு அது நல்ல விடை. ஆணி, ஸ்டீல் குண்டு எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். அடுத்த படி, மெல்லிய 10 மி.லி ஜாடிக்கு மாறுவது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஜாடியையே விட்டுவிடலாம். பாதி தண்ணீர் உள்ள பீக்கரை டிஜிட்டல் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, ஸ்டாண்டில் மாட்டி, தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியையும் பக்கங்களையும் தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் பொருளின் பருமன், செ.மீ³-ல். கோலிக்கு 2.14 என்று காட்டும். 5.4 ÷ 2.14 = 2.52. நூறு மி.லி ஜாடியால் கனவிலும் முடியாத வேலை இது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பள்ளியில் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம்.

இந்த முறையிலும் ஒரு தனி அறிகுறி உண்டு. எந்தப் பொருளை வைத்தாலும் அடர்த்தி 1.0 என்றே வந்தால், பொருள் பீக்கரின் அடியில் உட்கார்ந்துவிட்டது. தராசு அதன் முழு நிறையையும் காட்டுகிறது. அதே எண்ணை அதே எண்ணால் வகுக்கிறீர்கள். தராசின் எண் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள்.

தராசுதான் சந்தேகமா? 50 மி.லி தண்ணீரை அளந்து எடை பாருங்கள். 50 கிராமுக்கு அருகில் வர வேண்டும். 46 வந்தால் வேறு ஜாடியில் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் 46 என்றால் தராசு. வெயில் காலம், தண்ணீர் சூடு என்று சாக்குச் சொல்ல வேண்டாம். 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி 0.996, அந்த வித்தியாசம் உங்கள் ஜாடியில் தெரியவே தெரியாது. தராசு பிழை என்று உறுதியானால் நீங்களே திருகைத் திருப்பாதீர்கள். ஆய்வக உதவியாளரிடம் கொடுங்கள், எடைக்கற்களை வைத்துச் சரிசெய்வது அவர் வேலை.

## அறிகுறி 6: பருமனை அளக்கவே முடியவில்லை

மிதக்கிறது. மெழுகுவர்த்தித் துண்டு, தக்கை, மரம். மெல்லிய ஊசியால் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்து மட்டத்தைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் விரலின் பருமனும் சேரும். இல்லையென்றால் ஓர் இரும்பு நட்டை மூழ்கியாகக் கட்டுங்கள். நட்டு மட்டும் மூழ்கியபோது ஒரு மட்டம், இரண்டும் சேர்ந்து மூழ்கியபோது ஒரு மட்டம். வித்தியாசம்தான் மிதப்பதின் பருமன். மரம் நீரை உறிஞ்சும் என்பதால் அதை மட்டும் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

கரைகிறது. கற்கண்டு, கல் உப்பு. தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றுங்கள். ஜாடியில் மட்டம் ஏறுவதற்குத் திரவம் எதுவானாலும் ஒன்றுதான். ஆனால் மேலே சொன்ன தராசு முறையில் எண்ணெய் வைத்தால், தராசு காட்டும் எண்ணை எண்ணெயின் அடர்த்தியால் வகுக்க வேண்டும்.

பொடியாக இருக்கிறது. 80 கிராம் மணல், ஜாடியில் 50 மி.லி நிற்கிறது, அடர்த்தி 1.6. புத்தகத்தில் 2.65 என்று இருக்கிறது. இரண்டும் சரி! 1.6 என்பது இடுக்கில் உள்ள காற்றையும் சேர்த்த மணல் குவியலின் அடர்த்தி. மணல் துகளுக்கு வேண்டுமென்றால் அந்த மணலை 50 மி.லி தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். மட்டம் 100-க்குப் போகாது, 80-ல் நிற்கும். துகள்களின் பருமன் 30, அடர்த்தி 2.67.

## அறிகுறி 7: திரவத்துக்கு நம்ப முடியாத எண்

வீட்டில் புழங்கும் திரவங்களில் தேன்தான் கனமானது, அதுவே 1.4 வாக்கில்தான். எண்ணெய்க்கு 2.16 வந்தால் பீக்கரின் நிறையைக் கழிக்கவில்லை. 108-லிருந்து வெறும் பீக்கரின் 62-ஐக் கழித்தால் 46 கிராம், 50 மி.லி-க்கு 0.92.

கழித்தும் 0.85 மாதிரி குறைவாக வந்தால், ஜாடியில் அளந்து பீக்கருக்கு மாற்றியபோது ஜாடிச் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. ஜாடியையே தராசில் வைத்து எடை பாருங்கள், ஊற்றி மாற்றும் வேலையே வேண்டாம்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் இளஞ்சூட்டில் முழுக்க உருக்கிய பிறகு அளங்கள். செய்வது சரியா என்று சோதிக்கக் கடை எண்ணெய் பாக்கெட்டே போதும். 1 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் பெரும்பாலும் 910 கிராம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் அளவீட்டில் 0.91-க்கு அருகில் வந்தால் கை சரியாக இருக்கிறது.

## அறிகுறி 8: கணக்கு மூழ்கும் என்கிறது, பொருள் மிதக்கிறது (அல்லது எதிர்மாறாக)

இரும்புக் கிண்ணம் மிதந்தால் கிண்ணத்துக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து மொத்தப் பருமனால் வகுங்கள், கப்பலுக்கும் அதேதான். ஊசி மிதந்தால் அது பரப்பு இழுவிசையின் வேலை. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் மூழ்கிவிடும்.

திரவம் தண்ணீர்தானா என்றும் பாருங்கள். பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும், மண்ணெண்ணெயில் மூழ்கும். இரும்பு பாதரசத்தில் மிதக்கும், தங்கம் மூழ்கும். மரம் என்றாலே மிதக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கருங்காலியின் வைரக்கட்டை மூழ்குவதுண்டு.

## அறிகுறி 9: கலவைக் கணக்கில் சராசரி ஒத்துவரவில்லை

சம பருமன் என்று கேள்வியில் இருந்தால் மட்டுமே இரண்டு அடர்த்தியையும் கூட்டி இரண்டால் வகுக்கலாம். சம நிறை என்றால் கூடாது. 100 கிராம் தங்கமும் 100 கிராம் வெள்ளியும்: பருமன் 5.18 + 9.52 = 14.70 செ.மீ³. 200 ÷ 14.70 = 13.6. சராசரி போட்டவர்களுக்கு 14.9 வரும். எந்தக் கலவைக் கணக்கானாலும் மொத்த நிறை, மொத்தப் பருமன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு வகுத்தால் தப்பாது.

சோதனையில் கலந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 50 மி.லி தண்ணீரும் 50 மி.லி எத்தனாலும் சேர்ந்தால் 100 மி.லி வராது, 96 அல்லது 97 தான். கலந்த பிறகு பருமனை அளந்தே எழுதுங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

இரண்டு இடங்கள்.

வீட்டு மோதிரம் 22 காரட்தானா என்று இதே தராசு முறையில் பார்க்கச் சில பிள்ளைகளுக்கு ஆசை வரும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.7 வாக்கில். 4 கிராம் மோதிரத்தின் பருமன் 0.226 செ.மீ³, 0.01 கிராம் தராசு அதை 0.22 என்றோ 0.23 என்றோ காட்டும். விடை 18.2 அல்லது 17.4. 18 காரட்டிலிருந்து பிரித்துச் சொல்லலாம், 20 காரட்டிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. கல் பதித்தது, உள்ளே கூடு உள்ளது என்றால் அதுவும் இல்லை. டங்ஸ்டனின் அடர்த்தியும் 19.3 என்பதால் அதை உள்ளே வைத்துத் தங்க முலாம் பூசினால் தூய தங்கத்திலிருந்து அடர்த்தியால் பிரித்துச் சொல்லவே முடியாது. சந்தேகம் உண்மையானது என்றால் பெரியவர்களோடு ஹால்மார்க் பரிசோதனை மையத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, பாதரசம். 13.6 என்ற எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அளந்து பார்க்க நினைக்காதீர்கள். தெர்மாமீட்டர் உடைந்து உருண்டைகள் சிதறினால் தொடவும் வேண்டாம், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். சன்னல்களைத் திறந்துவிட்டு, மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.